நாடி தொட இயலாத மருத்துவம்



யூனானி மருத்துவத்தைத் தொலைபேசி வழியாகச் செய்ய முடியுமா என்று எங்களிடம் கேட்பவர்கள் இரு வகையினர். முடியும் என்ற விடையை எதிர்பார்த்தே கேட்பவர்கள் முதல் வகையினர். அவர்களுள் பலர் துபையிலோ தம்மாமிலோ இருந்துகொண்டு, ஊரில் தனித்திருக்கும் உம்மாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசுகிறவர்கள். முடியாது என்று நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என விரும்புபவர்கள் இரண்டாம் வகையினர். அவர்கள் எங்கள் துறையின் மூத்தவர்கள். நாடியைத் தொடாமல் மருந்து எழுதுவது, கிப்லா தெரியாமல் தக்பீர் கட்டுவதைப் போன்றது என்று அவர்களுள் ஒருவர் எங்களிடம் கூறியதுண்டு. இரு தரப்பினருக்கும் முழுமையான மகிழ்ச்சியைத் தரக்கூடிய விடை எங்களிடம் இல்லை. ஆயினும், கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் இந்தப் பணியைச் செய்துவரும் ஆண்டுகளில் கண்டவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணி எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். சென்னையில் சிறிய மருந்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவரின் பிறந்த ஊர் கீழக்கரை. தமிழகத்தில் சித்த மருத்துவரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை. யூனானி மருத்துவர் அவ்வாறல்லர். சென்னையையும் வட ஆர்க்காட்டுப் பகுதியையும் கடந்து தெற்கே செல்லச் செல்ல அவரைக் காண்பது அரிதாகிவிடும். கீழக்கரையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். மூட்டுவலியுள்ள ஒரு பெரியம்மாவை இரவு முழுவதும் பேருந்தில் அமரவைத்து அழைத்துவந்து, பத்து நிமிடம் பார்த்து, மீண்டும் இரவுப் பேருந்தில் ஏற்றி அனுப்பினால், நாங்கள் கொடுக்கும் மாஜூன் ஆற்றும் வலியைவிடப் பயணம் தரும் வலியே மிகுதியாக இருக்கும்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில்தான் அலோபதி மருத்துவர்களுக்கான தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. அடுத்த மாதமே ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று முறைகளின் மருத்துவர்களுக்கும் அவற்றைத் தழுவிய நெறிகளை அன்றைய இந்திய மருத்துவ மத்தியக் குழு வகுத்தளித்தது. அதற்கு முன்பும் தொலைபேசியில் மருந்து சொல்லும் வழக்கம் இருந்ததுதான். ஆனால் யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொன்னதற்கு யார் பொறுப்பு என்பவை எழுத்தில் வரவில்லை. இப்போது மருத்துவர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்க வேண்டும். நோயாளி இன்னார் என்பதை உறுதிசெய்ய வேண்டும். பேசியதையும் எழுதிக் கொடுத்ததையும் ஆவணமாகக் காக்க வேண்டும். சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அவசர நிலை என்றால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் பொறுப்பு அவரையே சாரும் என்ற பொருளுடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் மக்களுள் பலர் கருதுகிறார்கள். நீண்ட தாடியும் கனிந்த பேச்சும் உள்ள ஒருவரிடம் அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்களிடம் தாராளமாகக் கேளுங்கள். கேட்கப்படுவதற்காகவே அந்த எண் இருக்கிறது.

இனி, மூத்தவர்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். அது வெறும் பழமைப் பற்று அன்று. 1025ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்ற இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நாடியை விரிவாக ஆராய்கிறது. எங்கள் பாடத்தில் நாடிக்குப் பத்து இலக்கணங்கள் உண்டு: நாளம் விரியும் அளவு, துடிப்பு விரலில் மோதும் வலு, அசைவின் வேகம், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு, நாளச் சுவரின் மென்மை அல்லது கடினம், தொடுகையில் தெரியும் வெம்மை, உள்ளிருப்பதன் நிறைவு, சீர்மை, ஒழுங்கு, தாளம். இவற்றுள் தொலைபேசியில் நமக்குக் கிடைப்பவை எத்தனை? கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டின் மீது மூன்று விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னால் வேகம் தெரியும். இடையில் துடிப்பு தவறினால் அதையும் சிலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எஞ்சியவை எங்கள் விரலுக்கு மட்டுமே உரியவை. எந்தக் காணொளியும் அவற்றைக் கொண்டுவந்து தராது.

நாவைப் பார்ப்பது எளிது என்று தோன்றும். எங்கள் அனுபவத்தில் அதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது. மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா முகமும் காமாலை முகமாகவே தெரியும். சில கைபேசிகள் தாமாகவே தோலை வெளுப்பாக்கிக் காட்டுகின்றன. எனவே, பகல் வெளிச்சத்தில், சன்னலுக்கு எதிரே, அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு எடுத்த படமே வேண்டும் என்று கேட்கிறோம். வெற்றிலை போட்டுவிட்டுப் படம் அனுப்பிய பெரியம்மா ஒருவரின் நாவைக் கண்டு நாங்கள் திகைத்து நின்றதையும் இங்கே சொல்லிவிடலாம்.

இந்தக் குறைபாடுகளை அறிந்ததனால் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். முதற்பார்வை இயன்றவரை நேரில். மிஸாஜ் எனும் உடலியல்பை ஒருமுறை நேரில் கணித்துக் குறித்துக்கொண்டால், அடுத்தடுத்த மாதங்களின் தொடர்பார்வைக்குத் தொலைபேசி நன்கு உதவுகிறது. வெண்புள்ளி நோயை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஹைதராபாதிலுள்ள தேசிய யூனானி தோல்நோய் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகக் கவனம் செலுத்திவரும் நோய் அது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்பினால், நோயாளி நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தப் படம் உண்மையைச் சொல்லும். அதற்குக் கொடுக்கும் கார்போக அரிசி சேர்ந்த மருந்துகள் தோலை வெயிலுக்கு மிகவும் கூச்சமுடையதாக்கும். அளவு மீறினால் கொப்புளம் எழும். எத்தனை நிமிடம் வெயிலில் நின்றார்கள், தோல் எவ்வளவு சிவந்தது என்பதை அன்றன்றே கேட்டறிந்து நேரத்தைக் குறைக்க முடிகிறது. மாதம் ஒருமுறை நேரில் வருபவரிடம் இது இயலாது. இந்த ஒரு செய்தியில் தொலை மருத்துவம் நேர்ப்பார்வையை விஞ்சுகிறது என்றே சொல்வோம்.

செரிமானக் கோளாறு, உறக்கமின்மை, மலச்சிக்கல் ஆகியவற்றிலும் பேச்சே பெருமருந்து. காற்று, உணவும் நீரும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளை வெளியேற்றலும் தக்கவற்றை நிறுத்தலும் என்று வாழ்வுக்கு இன்றியமையாத ஆறினை யூனானி வகுத்திருக்கிறது. இந்த ஆறையும் விசாரிக்க நாடி தேவையில்லை, பொறுமை தேவை. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் உண்டு, நள்ளிரவு கடந்தும் கைபேசி பார்த்து, பஜ்ருக்குப் பின் உறங்கி, உச்சிப்பொழுதில் எழுபவருக்கு ஜவாரிஷ் எதற்கு? ஆனால் அவர் மருந்துச்சீட்டைத்தான் கேட்பார். மருந்து எழுதாத ஆலோசனைக்குக் கட்டணம் தர நம் மக்களுக்கு மனம் வருவதில்லை. இது எங்கள் குறை அன்று என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம்.

ஹிஜாமாவுக்கு வருவோம். தொலைபேசியில் ஹிஜாமா கற்றுத்தர முடியுமா என்று கேட்டு வாரம் ஓர் அழைப்பாவது வந்துவிடுகிறது. குவளைகளும் உறிஞ்சும் கருவியும் இணையத்தில் வாங்கி, காக்காவின் முதுகில் தம்பி பிளேடால் கீறும் வீடுகள் இருக்கின்றன. நாங்கள் கற்றுத்தருவதில்லை. ஒருவரின் இரத்தம் பட்ட குவளை சரியாகத் தூய்மை செய்யப்படாமல் மற்றொருவரைத் தொட்டால் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய கிருமிகள் பரவலாம். இதய நோய்க்கு இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரின் தோலைக் கீறினால் இரத்தம் நிற்கச் சிரமப்படும். ஸுன்னத் என்ற சொல் அந்தப் பிளேடைத் தூய்மையாக்கிவிடாது. தகுந்தவரிடம் நேரில் சென்று செய்துகொள்ளுங்கள்.

பெண்களின் நிலையைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். தொலை மருத்துவத்தால் மிகுந்த பயனடைந்தவர்கள் அவர்களே. வெள்ளைப்படுதல், மாதவிலக்குக் கோளாறு, பேறுகாலத்துக்குப் பின்னான சிறுநீர்க் கசிவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் எவரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள், திரையில்லாத வெறும் குரல் அழைப்பில், "லாத்தா, ஒரு விஷயம் கேட்கலாமா?" என்று தொடங்குகிறார்கள். முகம் காட்ட விரும்பாதவரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. படம் தேவைப்பட்டால், யார் பார்ப்பார், எங்கே வைக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அப்படங்கள் எங்களுள் பெண் மருத்துவரின் கைபேசிக்கு மட்டுமே வரும்; நோயாளியின் கோப்பில் சேர்த்தபின் அந்தக் கைபேசியிலிருந்து நீக்கப்படும். அது அமானிதம்.

ஆயினும் வீடு மருத்துவமனையின் மூடிய அறை அன்று. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் நாத்தனாரும் அருகிலிருக்க, ஒலிபெருக்கியில் கணவர் கைபேசியைப் பிடித்திருக்க, ஒரு மருமகள் என்ன சொல்லிவிட முடியும்? "பசி எப்படி?" என்று கேட்டால் கணவர் விடையளிக்கிறார். "உறக்கம்?" அதற்கும் அவரே. அத்தகைய வேளையில் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லக்கூடிய வகையில் கேள்விகளை அமைத்துக்கொள்கிறோம். மறுநாள் தனியாகப் பேச ஒரு நேரமும் குறித்துக் கொடுக்கிறோம். இஷாவுக்குப் பின் மொட்டைமாடியில் காயப்போட்ட துணி எடுக்கும் சாக்கில் வந்து பேசும் சகோதரிகள் இருக்கிறார்கள். கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மனைவி மருத்துவருடன் பேசும் பத்து நிமிடம் நீங்கள் வெளித் திண்ணையில் அமர்ந்திருங்கள். எங்களுக்கு அது பேருதவி.

வளைகுடாவிலிருந்து அழைக்கும் மகன்மார்களிடம் நாங்கள் கடுமையாக இருப்பதாக ஒரு பெயர் உண்டு. அலோபதி மருத்துவர்களுக்கான அந்த 2020 நெறிகள், இந்திய எல்லைக்கு வெளியே உள்ள ஆலோசனைக்கு இடம் தரவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. நாங்களும் அவ்வரம்பைப் பின்பற்றுகிறோம். கடல் கடந்திருப்பவருக்கு உணவையும் உறக்கத்தையும் பற்றி நட்புமுறையில் பேசுவோம், மருந்து எழுதுவதில்லை. அவர் வேலை செய்யும் நாட்டின் மருத்துவச் சட்டமும் சுங்கச் சட்டமும் வேறு. நாம் அன்போடு அனுப்பும் ஒரு டப்பி ஹப், விமான நிலையத்தில் அவரைக் கேள்விகளுக்கு உள்ளாக்கலாம். ஊரிலிருக்கும் உம்மாவுக்காக மகன் அழைத்தால், உம்மாவே பேச வேண்டும் என்கிறோம். மகன் சொல்லும் நோயும் உம்மா சொல்லும் நோயும் பல நேரம் வேறுவேறு. முழங்கால் வலி என்றார் ஒரு மகன். உம்மாவிடம் பேசினோம், வாப்பா வஃபாத்தான பின் ஆறு மாதமாக அவர் சரியாக உறங்கவே இல்லை. முழங்கால் வலி மகனிடம் சொல்லத்தக்க நோயாக இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, வேறு என்ன மருந்து உண்கிறீர்கள் என்பதே. பலர் அலோபதி மாத்திரைகளை மறைக்கிறார்கள். கோபித்துக்கொள்வோம் என்று அச்சம் போலும். மாத்திரை அட்டைகளைத் தரையில் பரப்பிப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். மாஜூன், கமீரா, ஷர்பத் யாவும் சர்க்கரையிலோ தேனிலோ செய்யப்படுபவை. நீரிழிவு உள்ளவருக்கு எழுதும்போது இதை மறக்கலாகாது. அதிமதுரம் சளிக்கு நல்லது. நாள்தோறும் நெடுங்காலம் உண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். குஷ்தா எனப்படும் உலோகப் பஸ்பங்களை நாங்கள் தொலைபேசியில் எழுதுவதே இல்லை. சிறுநீரகத்தின் நிலை அறியாமல் அவற்றைக் கொடுப்பது துணிவு அன்று.

2021ஆம் ஆண்டு ரமளானில், ஒரு ஸஹர் நேரத்தில் தென்மாவட்டத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. உம்மாவுக்கு நெஞ்சு எரிச்சல், முன்பு கொடுத்த ஜவாரிஷ் ஜாலினூஸ் தீர்ந்துவிட்டது, அதற்குப் பதிலாக வீட்டில் என்ன கொடுக்கலாம் என்று மகன் கேட்டார். உம்மாவுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது, நீரிழிவும் இருந்தது. வியர்க்கிறதா என்று கேட்டோம். நைட்டி நனைந்துவிட்டது என்றார். தாடை கனக்கிறது என்று பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. 108ஐ அழையுங்கள் என்றோம். "மருந்து கேட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்கிறீர்களே" என்று அவர் சினந்தார். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி வயிற்று எரிச்சலின் வேடத்தில் வரக்கூடும் என்று விளக்க அது நேரமன்று. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம். மாரடைப்புத்தான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த உம்மா இன்றும் இருக்கிறார்.

இன்னொன்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பதினொரு வயதுச் சிறுவன். முதல் வகை நீரிழிவு. அவனுடைய கணையத்தில் இன்சுலின் சுரப்பதே இல்லை. கைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தில், நபிவழி மருத்துவம் என்ற பெயரில், நாற்பது நாளில் ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாரோ ஒருவர் வாக்களித்திருந்தார். மாத்திரைகளுக்குப் பணம் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை முதல் ஊசியை நிறுத்தப்போகிறோம், உடன் கருஞ்சீரகம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கத்தான் அந்த வாப்பா எங்களை அழைத்தார்.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அதைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய அச்சம் வேறாக இருந்தது. இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாக யாரோ கூறியிருந்தார்கள். பிள்ளையின் உடலில் நாள்தோறும் ஹராமை ஏற்றுகிறோமே என்று அவரும் அவர் மனைவியும் ஈராண்டாக மனம் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். எவரும் அதை அவர்களிடம் கேட்டதும் இல்லை, விளக்கியதும் இல்லை. முற்காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தது உண்மை. ஆனால் 1982இல் மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. நுண்ணுயிரியையோ ஈஸ்டையோ கொண்டு தொழிற்கூடத்தில் உருவாக்குவது அது. மகனின் மருந்துப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் அச்சிட்டிருந்ததை வரிவரியாகத் தமிழில் விளக்கினோம். பின்பு சொன்னோம்: இந்த ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து நேரும், இன்சுலின் சுரக்காத உடலுக்கு யூனானியில் ஈடான மருந்து கிடையாது, இருந்திருந்தால் நாங்களே முதலில் கொடுத்திருப்போம். நீண்ட அமைதிக்குப் பின் சிறுவனின் உம்மா கைபேசியை வாங்கி, "அப்போ ஹலால்தானா?" என்று மட்டும் கேட்டார். அவர்களின் இசைவுடன் அவனைக் கவனிக்கும் குழந்தை மருத்துவரிடமும் அன்றே பேசினோம். ஊசி நிற்கவில்லை. கட்டிய பணம் திரும்பவும் இல்லை.

தன் தோழர் ஸஅத் (ரலி) நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஓர் அறிவிப்பு உண்டு. துஆவும் செய்தார்கள், மருத்துவரிடமும் அனுப்பினார்கள். எங்கள் மருந்தகத்திற்கு வருகிறவர்களை வேறு மருத்துவரிடம் அனுப்பும்போது, "அப்படியானால் உங்களிடம் எதற்கு வந்தோம்?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் நினைவூட்டுகிறோம்.

மருந்து அனுப்புவது தனிப் பெரும் பாடு. மே மாத வெயிலில் மாஜூன் இளகி, மூடியின் வழியே கசிந்து, பெட்டி முழுவதும் எறும்பாகப் போய்ச் சேர்ந்ததுண்டு. ஷர்பத் புட்டிகள் உடைந்து போனதற்குக் கணக்கே இல்லை. இப்போது, நோயாளியின் ஊருக்கு அண்மையில் தரமான யூனானி மருந்து கிடைக்கும் கடை இருந்தால், சீட்டை மட்டும் அனுப்பிவிடுகிறோம். 1944 முதல் இயங்கிவரும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் யூனானி மருந்துகளையும் செய்கிறது. இது பலருக்குத் தெரியாது. எங்கே வாங்கினாலும் உரிம எண்ணும், செய்த நாளும், காலாவதி நாளும் அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். பள்ளிவாசல் வாசலில் விற்றாலும் சரி.

அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் தொலைபேசி ஆலோசனைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ரமளானில் மட்டும் அதைத் தராவீஹுக்குப் பின் மாற்றிக்கொள்கிறோம். நோன்பாளிகளின் கேள்விகள் அப்போதுதான் குவிகின்றன. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து வேளைகளை மாற்றுவது எளிது. நோன்பு நோற்கலாமா என்பது எளிதன்று. இன்சுலின் போடுபவர்களும் சிறுநீரக நோயாளிகளும் ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே தம் மருத்துவரைக் கண்டுவிட வேண்டும். பிறை பார்த்த இரவில் அழைத்தால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

இன்ஷா அல்லாஹ், பெருநாளுக்குப் பின் மாதத்தில் ஒரு நாள் கீழக்கரைக்கே வந்து, உறவினர் வீட்டின் முன்னறையில் முதற்பார்வை பார்க்க எண்ணியிருக்கிறோம். காலையில் பெண்கள், பிற்பகலில் ஆண்கள். வரும்போது பழைய சோதனைத் தாள்களையும், உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். வெற்றிலை போட வேண்டாம்.